குலுக்கல் பட்டியலில் நான் மறைத்த குடும்பம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று நம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேரில் நின்றால் நாலு ஜோக் அடித்து, உங்களைச் சிரிக்கவைத்து, சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டுக் கிளம்பிவிடுவேன். என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அதில் நான் கெட்டிக்காரி.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. புரோகிராம் எழுத உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒரு பதிவோடு தொடர்புள்ள மற்றப் பதிவுகளை டேட்டாபேஸிலிருந்து எடுத்து டெம்ப்ளேட்டில் எப்படிக் காட்டுவது என்று கணினியைக் கேட்டால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. எங்களுக்கு அதெல்லாம் முட்டி மோதித்தான் வந்தது. நான் முதன்முதலில் எழுதிய பக்கம் ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை டேட்டாபேஸுக்கு ஓடிப்போய்த் திரும்பி வரும். ஐந்து பெயரை வைத்துச் சோதித்தபோது பறந்தது. வாடிக்கையாளர் முன்னால் உண்மையான பட்டியலோடு திறந்தால் சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மனிதர் கீழே போய் தே தாரிக் குடித்துவிட்டு வந்தார், அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மேலே இருந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கடைக்குப் போனா உப்புக்கு ஒரு தடவ, புளிக்கு ஒரு தடவன்னா போவீங்க? எல்லாத்தையும் ஒரே நடையில வாங்கிட்டு வாங்கலா" என்றார். ஒரே ஒரு வரி மாற்றினேன். பக்கம் சட்டென்று திறந்தது.

அன்றிலிருந்து 'ஒரே வரியில் சரிசெய்துவிடுவாள்' என்று எனக்குப் பெயர். எள் என்றால் எண்ணெயாக நிற்பேன். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பல வருடம் கழித்து அதுதான் வினையாக வந்தது.

கிள்ளானுக்கு வெளியே, ரயில் தண்டவாளத்தை ஒட்டி பலகை வீடுகளாலான ஒரு குடியிருப்பு, எங்கள் வழக்கில் ஒரு கம்பம், இருந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். அந்த நிலத்தைக் காலி செய்து, அவர்களுக்குப் பூச்சோங் பக்கம் அடுக்குமாடி வீடு கொடுப்பதாக ஏற்பாடு. எந்தக் குடும்பத்துக்கு எந்த மாடியில் எந்த வீடு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். பதிவுகளை வைத்திருக்கும் வலைத்தளத்தைச் செய்தது எங்கள் கம்பெனி, எழுதியவள் நான்.

அவர்கள் நிரப்பிய காகிதப் பாரத்தில் மேலே குடும்பத் தலைவர் பெயர் இருக்கும், கீழே கட்டம் போட்டு மனைவி, பிள்ளைகள் பெயர் இருக்கும். நான் டேட்டாபேஸிலும் அதையே செய்தேன். தலைவர்களுக்கு ஓர் அட்டவணை, உறுப்பினர்களுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வோர் உறுப்பினரும் தன் தலைவரோடு கட்டப்பட்டிருப்பார். பக்கம் திறக்கும்போது டெம்ப்ளேட் ஒரு தலைவரை எடுத்து அவர் பெயரைப் போடும், அவருக்குக் கீழே அவரோடு தொடர்புள்ள உறுப்பினர்களை வரிசையாகப் போடும், பிறகு அடுத்த தலைவரிடம் போகும். மனைவி பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் அவர் வழியாகத்தான் போக வேண்டும். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நம் வீடுகளில் வழக்கமே அப்படித்தானே என்று நினைத்தேன்.

குலுக்கல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. முதல் ஞாயிறு நானும் மண்டபத்தில் இருந்தேன். கம்பத்துக் கோவில் கமிட்டிக்காரர்கள் முன்வரிசை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு தொண்டர் மைக்கைப் பிடித்து, எங்கள் பக்கத்திலிருந்து அச்சடித்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தலைவராகக் கூப்பிட்டார். ஒரு பெயரை இரண்டு முறை கூப்பிட்டும் யாரும் வரவில்லை. "அண்ணே, என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று மைக்கிலேயே கேலி செய்தார். பின்னால் சிலர் சிரித்தார்கள். அப்புறம் ஓர் அம்மா எழுந்து நின்றார். "அவரு தவறி மூணு மாசம் ஆச்சுங்க" என்றார். அந்த அம்மா வந்து சீட்டு எடுத்தார், வீடு கிடைத்தது, ஆனால் அழுதுகொண்டேதான் எடுத்தார்.

அடுத்த குலுக்கலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், அந்தத் திட்டத்தின் அதிகாரி போன் செய்தார். நல்ல மலாய்க்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அன்று குரல் ஏறியிருந்தது. கோவில் கமிட்டிக்காரர்கள் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்களாம். இறந்தவர் பெயர் ஒன்றுகூடப் பட்டியலில் வரக்கூடாது, நாலு மணிக்கு அச்சடிக்கும் கடைக்கு அனுப்ப வேண்டும், முடியுமா என்று கேட்டார். "பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

இறந்தவர்களைப் பற்றிக் குடும்பத்தார் வந்து சொன்னால், குமாஸ்தா அந்தத் தலைவரின் பதிவில் 'இறந்துவிட்டார்' என்று குறித்துவைப்பார். அந்தக் குறிப்பு இருக்கிற தலைவர்களை எடுக்காதே என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. பக்கத்து மேசையில் ஃபரிடா இருந்தாள். என்னோடு பத்து வருடம் வேலை பார்த்தவள். "ஏன் எடுக்கணும்? பேருக்கு முன்னால மெண்டியாங்னு போட்டுடேன்" என்றாள். மலாயில் காலஞ்சென்றவர் என்று அர்த்தம்.

"அதெல்லாம் சரிவராது ஃபரிடா. புது வீடு கெடைக்கிற நல்ல காரியம். அதுல போய்ச் செத்தவங்க பேர மைக்குல வாசிப்பாங்களா? எங்க ஆளுங்கள பத்தி உனக்குத் தெரியாது."

"சரிலா. உன் ஆளுங்க, உனக்குத்தான் தெரியும்" என்று அவள் திரும்பிக்கொண்டாள்.

வரியைச் சேர்த்தேன். போன வாரம் மைக்கில் கேலி செய்யப்பட்ட அந்த மனிதரின் பெயரைத் தேடினேன். இல்லை. இன்னும் இரண்டு இறந்தவர்களைத் தேடினேன். அவர்களும் இல்லை. தலைவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது, குறையத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரி நன்றி சொன்னார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் பிள்ளைகளே. நான் சோம்பலில் அதைச் செய்யவில்லை. அந்த அம்மா அழுததைக் கண்ணால் பார்த்துவிட்டு, இன்னொருத்தி அப்படி அழக்கூடாது என்று செய்தேன். மறைய வேண்டிய பெயர் மறைந்ததா என்று மூன்று முறை பார்த்தவள், அதோடு சேர்ந்து வேறு யார் மறைந்தார்கள் என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் என் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதிகாரி மறுபடி கூப்பிட்டார். இரண்டு குடும்பங்கள் பட்டியலில் இல்லையாம். பெரிய மகன்கள் மேடைக்கு வந்து சத்தம் போட்டார்களாம். கையால் எழுதிச் சேர்த்து, சீட்டு எடுக்கவைத்துவிட்டார்களாம். "பெரிய விஷயமில்ல, ஆனா கொஞ்சம் பாருங்க" என்றார். பெயர் ஏற்றும்போது யாரோ விட்டிருப்பார்கள், திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றேன். வாயில் சோறு இருந்தது. சத்தம் போட்டவர்கள் இரண்டு பேர், சத்தம் போடாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. செவ்வாய்க்கிழமை மறந்தே போனேன்.

மூன்று வாரம் கழித்து, சாவி கொடுக்கும் வேலைக்குக் குமாஸ்தாக்களைப் பழக்குவதற்காகக் கிள்ளானில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் ஒரு பெண் நின்றார். நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூட கென்டீனில் வேலை செய்யும் உடுப்பிலேயே வந்திருந்தார். பெயர் சரோஜா என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை. குமாஸ்தாப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க குலுக்கலுக்கே வரலியே ஆன்டி. தீடாக் ஹாடிர்னு போட்டிருக்கு" என்றாள். வரவில்லை என்று பதிவாகியிருந்தது. சீட்டு எடுக்காத குடும்பங்களுக்கெல்லாம் அப்படித்தான் தானாக விழும்.

"வந்தேனேம்மா. மூணு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு எட்டு மணிக்கே வந்து உக்காந்தேன்" என்றார் சரோஜா.

நான் எழுந்து போய் டேட்டாபேஸில் நேராகத் தேடினேன். சரோஜா இருந்தார். மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு எழுத்துக் குறையவில்லை. நாலு பேரும் ஒரு தலைவரோடு கட்டப்பட்டிருந்தார்கள், அந்தத் தலைவர் குலுக்கலுக்கு ஒரு மாதம் முன்பு இறந்திருந்தார். அதை இதே கவுண்டருக்கு வந்து, இறப்புப் பத்திரத்தின் நகலைக் கொடுத்துச் சொன்னவர் சரோஜாதான். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் புருஷன் பெயரை மைக்கில் கூப்பிட்டிருப்பார்கள், இவர் எழுந்து போய்ச் சீட்டு எடுத்திருப்பார். ஒழுங்காக வந்து உண்மையைச் சொன்னதற்காக என் வரி அந்தக் குடும்பத்தையே பக்கத்திலிருந்து தூக்கிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பேர் கூப்பிடலன்னா அன்னைக்கே மேடைக்கு வந்து கேக்க வேண்டியதுதானே? மத்தவங்க வந்து கேட்டாங்களே" என்றேன்.

சரோஜா கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். "கேக்கலாம்னுதான் இருந்தேன்க்கா. அவரு போயி ஒரு மாசந்தான் ஆவுது. புது வீட்டுக்குச் சீட்டு எடுக்கிற நல்ல காரியம், எடுத்தவொடனே என் பேர கூப்பிட மாட்டாங்க, கடைசியில கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். கோவில் செயலாளரு அண்ணன்தான் மைக்குல நின்னாரு. என்னையப் பாத்தாரு. பாத்துட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாரு. கடைசியிலயும் கூப்பிடல. சரி, நம்மள ஒதுக்கி வச்சிட்டாங்க, எல்லாரு முன்னாலயும் போயி என்ன கேக்கிறதுன்னு புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

ஐயோ, அம்மா, யாரும் உங்களை ஒதுக்கவில்லை, நான் எழுதிய ஒரு வரிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் குமாஸ்தா, பின்னால் அதிகாரியின் அறை. "சிஸ்டத்துல கொஞ்சம் பிரச்சினை, பாத்துச் சொல்றோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே புரோகிராமைத் திருத்தினேன். குடும்பத்துக்கென்று தனி அட்டவணை, அதில் தலைவரும் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். யார் இறந்தாலும் குடும்பம் பக்கத்தில் நிற்கும். தேடிப் பார்த்ததில், சீட்டு எடுக்காமல் விட்டுப்போனது சரோஜா குடும்பம் ஒன்றுதான். திருத்தத்துக்கு என்ன குறிப்பு எழுதினேன் தெரியுமா? 'சிறு மாற்றம்.' இன்னமும் அந்தக் குறிப்பு நம் பழைய கோப்புகளில் கிடக்கிறது, வேண்டுமானால் தேடிப் பாருங்கள்.

மறுநாள் என் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா அடுத்த திட்டம் நமக்கு வராது. இங்க இருபது பேர் சாப்பிடறாங்க. பதிவு முழுமையா இல்லன்னு எழுதுங்க. அவங்க பாத்துப்பாங்க" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். நானும் பயந்தவள். என் மகளுக்கு அப்போதுதான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல, 'அந்தக் குடும்பத்தின் பதிவு முழுமையடையாத காரணத்தால்' என்று ஓர் அறிக்கை எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். பதிவு முழுமையாக இல்லை என்றால் அங்கே என்ன அர்த்தம்? விண்ணப்பித்தவர் ஒழுங்காகப் பாரம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். சரோஜாவைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். அடுத்த மாதம் கம்பத்தை இடித்தார்கள். அவர் பிள்ளைகளோடு கம்போங் மேடானில் வாடகைக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

புரோகிராமில் தப்பு செய்வீர்கள். எல்லாரும் செய்வோம். அவசரத்தில் ஒரு வரி எழுதியதை நான் என்றைக்கோ மன்னித்துக்கொண்டேன். அந்த அறிக்கையை அவசரத்தில் எழுதவில்லை. அதற்கு எனக்கு ஒரு முழு நாள் இருந்தது. அதை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

போன வருடம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்த அதிகாரியைப் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பேச்சுவாக்கில் சரோஜா விஷயம் வந்தது. மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நம்ம தப்பால யாராவது விட்டுப்போனா குடுக்கிறதுக்குன்னே கொஞ்சம் வீடு தனியா வச்சிருந்தோமே. சிஸ்டம் தப்புன்னு நீங்க ஒரே ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார்.

அன்றே உட்கார்ந்து, சரோஜாவுக்கு அந்த வீட்டைக் கேட்டுத் திட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். என்ன நடந்தது, எந்த வரி, யார் எழுதியது, அறிக்கையில் என்ன பொய் இருந்தது, எல்லாம். அதோடு சரோஜாவின் கையெழுத்தும் ஐசி என்கிற அடையாள அட்டையின் நகலும் வேண்டும். அவருடைய பழைய எண் வேலை செய்யவில்லை. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்போங் மேடானுக்குப் போனேன். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கவுண்டர்ல இருந்த அக்காதானே? உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிள்ளைகள் மூன்று பேரும் வேலைக்குப் போகிறார்கள் என்றார். காப்பி கலக்கப் போனவரைத் தடுத்து உட்காரவைத்து, குலுக்கலுக்கு முந்தின நாளிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம், வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

சரோஜா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்.

"அப்போ செயலாளரு அண்ணன் வேணும்னு விடலியா?"

"இல்ல. அவர் கையில இருந்த காகிதத்துல உங்க பேரே இல்ல."

"நம்ம ஆளுங்க யாரும் என்னைய ஒதுக்கலியா?"

"யாருமே ஒதுக்கல சரோஜா. நான்தான்."

அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். "அன்னையிலேருந்து நான் ஒரு நல்லது கெட்டதுக்குப் போனதில்லக்கா. எந்தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போயிட்டு, மண்டபத்து வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். உள்ள வா, உள்ள வான்னு அவ அழுதா. கம்பத்து ஆளுங்க எல்லாம் உள்ள இருந்தாங்க. நான் போகல."

மன்னிச்சிருங்க என்றேன். அவர் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வீடு கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு. நான் வரலன்னு போட்டிருக்காங்கல்ல, அது பொய்யி. எட்டு மணிக்கே வந்து கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்னு எழுதுங்க. நீங்க எழுதினாத்தான் போடுவேன்."

அவர் முன்னாலேயே, அவர் பேனாவை வாங்கி, கடிதத்தின் ஓரத்தில் கையால் எழுதிச் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.